சோலைச் சருகில் கிடைத்த விதை நாவாய்ப்பூச்சி: புதிய இனம் என்று எப்போது சொல்லலாம்?

கேள்வி: பழனி மலையில், சுமார் 2,100 மீட்டர் உயரத்தில், சோலைக்காட்டுச் சருகைச் சலித்தபோது ஏறத்தாழ 5 மி.மீ. நீளமுள்ள பழுப்பு நாவாய்ப்பூச்சிகள் நான்கு கிடைத்தன. ஒன்று ஆண், மூன்று பெண். நான்குக்கும் இறக்கை குட்டை. விதை நாவாய்ப்பூச்சி என்று தெரிகிறது, ஆனால் பழைய நூல்களின் திறவுகோல்களில் (அடையாளங்களைப் படிப்படியாகப் பார்த்து இனம் காணும் அட்டவணைகளில்) எதனோடும் பொருந்தவில்லை. புதிய இனமாக விவரிக்க என்ன செய்ய வேண்டும்?

பதில்:

திறவுகோலில் பொருந்தவில்லை என்பதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். பூச்சி உண்மையிலேயே புதியதாக இருக்கலாம். வேறு நாட்டில், வேறு பேரினத்தில், யாரோ எப்போதோ பெயர் வைத்ததாக இருக்கலாம். அல்லது நன்கு தெரிந்த ஓர் இனத்தின் குட்டை இறக்கை வடிவமாக இருக்கலாம். வெப்பமண்டல உயர்மலைகளில் பலரும் சறுக்குவது மூன்றாவதில்தான். எனவே விவரிப்பதில் பாதி வேலை, ஏற்கெனவே உள்ள பெயர்களில் எதுவும் உங்கள் பூச்சிக்கு உரியதில்லை என்று நிறுவுவது. எழுதுவது அதன் பிறகுதான்.

முதலில் குடும்பத்தை உறுதிசெய்யுங்கள். நான்கு கணு உணர்கொம்பு, நான்கு கணு உறிஞ்சுகுழல், தலை மேல் இரண்டு சிறுகண்கள், முன்னிறக்கையின் சவ்வுப் பகுதியில் நான்கைந்து எளிய நரம்புகள்: விதை நாவாய்ப்பூச்சிகளின் பெருங்குடும்பத்துக்கு இவையே பொது அடையாளம். பருத்தியில் வரும் சிவப்பு நாவாய்ப்பூச்சிக்குச் சிறுகண் கிடையாது. அது வேறு குடும்பம். எருக்கஞ்செடியில் கூட்டமாக உட்கார்ந்திருக்கும் சிவப்பும் கறுப்புமான ஸ்பைலோஸ்டெதஸுக்கு உண்டு. சருகில் வாழ்பவை பெரும்பாலும் ரிபாரோக்ரோமிடே குடும்பத்தவை. பூச்சியைப் புரட்டிப் போட்டு வயிற்றின் 4ஆம், 5ஆம் தகடுகளுக்கு இடையிலான கோட்டைப் பாருங்கள். அது ஓரம் வரை நேராகப் போகாமல் முன்பக்கம் வளைந்து, ஓரத்தைத் தொடுமுன்பே நின்றுவிட்டால் இந்தக் குடும்பம் என்று பெரும்பாலும் நம்பலாம். முன்காலின் தொடை தடித்து, அடியில் முட்களோடு இருப்பதும் துணை அடையாளம்.

இங்கே ஒரு சிக்கல். குட்டை இறக்கைப் பூச்சியில் சவ்வுப் பகுதி மிகச் சுருங்கியோ இல்லாமலோ இருக்கும், அதனால் நரம்பை எண்ண முடியாது. சிறுகண்களும் சுருங்கியோ மறைந்தோ போயிருக்கலாம். அப்போது பார்ப்பவருக்கு இது இளம்பூச்சியோ என்று சந்தேகம் வரும். பாதக் கணுக்களை எண்ணினால் தீர்ந்துவிடும்: இளம்பூச்சிக்கு இரண்டு, முதிர்ந்ததற்கு மூன்று. இளம்பூச்சியை வைத்து இனம் விவரிக்கும் தவறு நீங்கள் நினைப்பதைவிட எளிதாக நேரும்.

இறக்கை விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், உங்கள் நான்கு பூச்சிகளும் அந்த வகை என்பதால். பறக்கும் தசை இல்லாத பூச்சியில் மாறுவது இறக்கை மட்டுமில்லை. மார்பின் மேல்தகடான புரோநோட்டத்தின் பின்பகுதி குறுகித் தட்டையாகிறது. முன்பகுதி அதே அளவில் இருப்பதால் மொத்தத் தகடும் வேறு உருவம் எடுக்கிறது. நீண்ட இறக்கையுள்ளதில் பின்பக்கம் அகன்ற சரிவகமாக இருப்பது, குட்டை இறக்கையுள்ளதில் கிட்டத்தட்ட சதுரமாகவோ உருண்டையாகவோ தெரியும். முன்னிறக்கையின் கடினப் பகுதிகளான கிளாவஸும் கோரியமும் ஒட்டி ஒரே தகடாகலாம். புள்ளிக்குழிகள் நெருங்கலாம். திறவுகோல்கள் பெரும்பாலும் நீண்ட இறக்கை மாதிரிகளை வைத்து எழுதப்பட்டவை. "புரோநோட்டம் நீளத்தைவிட இருமடங்கு அகலம்" என்ற வரியில் உங்கள் பூச்சி அப்படியே தவறான பக்கம் திரும்பிவிடும். ஒரே இனத்தின் இரு வடிவங்கள் இரண்டு பெயர் பெற்றது இப்படித்தான்.

ஆகவே புரோநோட்ட விகிதத்தையும் இறக்கை நீளத்தையும் இனவேறுபாட்டுக்குச் சான்றாக வைக்காதீர்கள். இறக்கையோடு அதிகம் மாறாதவற்றைப் பாருங்கள்: உணர்கொம்புக் கணுக்களின் விகிதம், உறிஞ்சுகுழல் எந்தக் கால் அடி வரை எட்டுகிறது, முன்தொடை முட்களின் எண்ணிக்கையும் வரிசையும், பின்மார்பின் பக்கத்தில் உள்ள நாற்றச் சுரப்பி வாயின் வடிவம், எல்லாவற்றுக்கும் மேலாக ஆண், பெண் இனப்பெருக்க உறுப்புகள்.

அடுத்தது பழைய பெயர்கள். இந்தியா, இலங்கை நாவாய்ப்பூச்சிகளுக்கு 1902 முதல் 1918 வரை ஏழு தொகுதிகளாகப் பிரிட்டிஷ் பூச்சியியலாளர் டிஸ்டண்ட் எழுதியதே இன்றும் நுழைவாயில். விதை நாவாய்ப்பூச்சிகள் பெரும்பாலும் இரண்டாம் தொகுதியில் இருக்கின்றன. அதோடு மூடி வைத்துவிட்டால் தவறிவிடுவீர்கள், பின்னிணைப்பாக வந்தவற்றிலும் இனங்கள் உண்டு. கொடைக்கானலில் டி. வி. கேம்ப்பெல் சேகரித்தவை டிஸ்டண்ட் கைக்குப் போயிருக்கின்றன. உங்கள் மலையிலிருந்தே பெயர் பெற்ற நாவாய்ப்பூச்சிகள் இருப்பதை மறக்க வேண்டாம். டிஸ்டண்டுக்கு முன் வாக்கர் 1867 முதல் 1873 வரை பிரிட்டிஷ் மியூசியப் பட்டியலில் ஏராளமான பெயர்களைக் கொட்டினார். அந்த விவரிப்புகளை மட்டும் படித்து ஒரு பூச்சியை அடையாளம் காண்பது நடவாத காரியம். இலங்கை மலைநாட்டிலிருந்து மோட்சுல்ஸ்கி பெயரிட்டவற்றின் மூலமாதிரிகள் (பெயர் வைக்க அடிப்படையாக இருந்த அசல் பூச்சிகள்) மாஸ்கோவில் உள்ளன.

பேரினங்கள் இடம் மாறியதும் தேடலைக் குழப்பும். ஒரு காலத்தில் ஆசியாவின் மெலிந்த சருகுப் பூச்சிகளில் பாதியை 'பமெரா' என்ற பேரினத்தில் போட்டுவந்தார்கள். 1860இல் அன்டன் டோர்ன், பின்னாளில் நேப்பிள்ஸ் கடலியல் நிலையத்தை நிறுவிய அதே டோர்ன், இலங்கையிலிருந்து வந்த ஒன்றுக்கு பமெரா நீட்னெரி என்று பெயரிட்டார். இன்று அது ஹாரிடிபமெரா நீட்னெரி. அந்தப் பேரினமே 1978இல்தான் உருவானது. இப்போதைய பேரினப் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் இப்படிப்பட்டவை கண்ணில் படாது. 1964இல் ஸ்லேட்டர் வெளியிட்ட உலகப் பட்டியல் இரண்டு தொகுதிகள். அதற்குப் பிந்தியவற்றுக்கு இணையத்தில் உள்ள லைகியாய்டியா இனக்கோப்பு. இரண்டிலும் உங்கள் பேரினத்தின் ஒவ்வொரு இனத்தையும், அதன் முதல் பேரினத்தோடு, ஒரு தாளில் எழுதுங்கள். இந்தியாவோடு நிறுத்தாதீர்கள். உயர்மலைப் பூச்சியின் உறவு அடுத்த சமவெளியில் இருப்பதைவிட இலங்கை மலைநாட்டிலோ, இமயத்திலோ, யுன்னானிலோ, சுமத்ராவிலோ இருக்க வாய்ப்புண்டு.

பட்டியல் ஐந்தாறு பெயராகச் சுருங்கியதும் மூலமாதிரிகளைப் பார்க்க வேண்டும். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் போன்ற இடங்களில் காப்பாளரிடம் படம் கேட்கலாம். பொத்தாம்பொதுவாக "டைப் படம் வேண்டும்" என்று எழுதினால் முதுகுப்புறப் படம் ஒன்று வரும், அது எதற்கும் உதவாது. முதுகு, பக்கவாட்டு, வயிறு, தலையும் உறிஞ்சுகுழலும், முன்தொடையின் உட்புறம், நாற்றச் சுரப்பி, எல்லா லேபிள்களும் என்று தனித்தனியாகக் கேளுங்கள். லேபிள் முக்கியம். சிவப்பு விளிம்புள்ள வட்டச் சீட்டு மூலமாதிரியைக் குறிக்கும். "டிஸ்டண்ட் சேகரிப்பு 1911-383" என்ற சீட்டு, அவருடைய சேகரிப்போடு வந்தது என்பதைச் சொல்லும். டிஸ்டண்ட் பல இடங்களில் ஒரே மாதிரியைத் தேர்ந்தெடுத்துச் சொல்லவில்லை. ஒரே பெயரின் கீழ் இரண்டு மூன்று பூச்சிகள் இருந்தால் அவை ஒரே இனம்தானா என்பதையும் பார்க்க வேண்டும்.

இதற்கிடையில் மேலும் பூச்சிகள் சேகரிக்க வேண்டும். நான்கு போதாது. ஐந்து ஆண், ஐந்து பெண் இருந்தால்தான் வேறுபாட்டின் வீச்சு தெரியும். பழனி மலையின் பெரும்பகுதி 2013 முதல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம். தலைமை வனவிலங்குக் காப்பாளரின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் ஒரு பூச்சியும் எடுக்கக் கூடாது. அனுமதி எண் இல்லாத மாதிரியை நல்ல இதழும் ஏற்காது, அருங்காட்சியகமும் ஏற்காது. கையில் உள்ள நான்கும் எந்த அனுமதியின் கீழ் எடுக்கப்பட்டவை என்பதை இப்போதே எழுதி வையுங்கள்.

சருகைச் சலிக்க ஏறத்தாழ 1 செ.மீ. கண்ணுள்ள சல்லடை சரி. ஒரு சதுர மீட்டர் சருகை மேல்மண்ணோடு சுரண்டி எடுத்துச் சலித்து, கீழே விழும் தூளை வின்க்ளர் பையில் தொங்கவிடுவார்கள். வழக்கமாகச் சொல்லும் 48 மணி நேரம் சோலைக்குப் பொருந்தாது. வின்க்ளர் பை வேலை செய்வதே சருகு காய்வதால்தான்; காயக் காயப் பூச்சி ஈரம் தேடி இறங்கிக் கீழேயுள்ள எத்தனாலில் விழும். மூடுபனியில் சருகு காயாது, பூச்சி இறங்காது, "இந்தக் காட்டில் ஒன்றும் இல்லை" என்று தப்பாக எழுதிவிடுவோம். உலர்ந்த அறையில் மூன்று நான்கு நாள் தொங்கவிடுங்கள், இடையில் ஒருமுறை கொட்டிக் கிளறி மீண்டும் நிரப்புங்கள். எங்கே தேடுவது? இவை விதை தின்பவை. பழம் உதிர்ந்து கிடக்கும் மரத்தடிகளைக் குறிவையுங்கள். அத்திப்பழ விதையைத் தின்று வாழும் ரிபாரோக்ரோமிட்கள் வெப்பமண்டலம் முழுக்க உண்டு. பூச்சியை எந்த விதையில் குழல் நுழைத்த நிலையில் பார்த்தீர்களோ அந்த விதையையும் எடுத்து வையுங்கள். மரத்தடியில் கிடைத்தது என்பது உணவுத் தாவரத்துக்குச் சான்றாகாது.

அறுத்துப் பார்ப்பதற்கு 70 முதல் 80 சதவீத எத்தனால் நல்லது. டி.என்.ஏ.வுக்கு வேண்டியதை மட்டும் 95 சதவீதத்துக்கு மேல் போட்டுக் குளிரில் வையுங்கள். அதில் கிடந்த பூச்சி விறைத்து, தொட்டால் உணர்கொம்பு உதிரும். சிவப்பு, மஞ்சள் எல்லாம் எத்தனாலில் மங்கும், எனவே நிறத்தை உயிரோடு இருக்கும்போதே படமெடுத்துக் குறியுங்கள். தோலுரித்த சில மணி நேரத்துக்குள் பிடிபட்டது வெளிறித்தான் இருக்கும்.

5 மி.மீ. பூச்சியை ஊசியால் குத்தக் கூடாது. முக்கோண அட்டையின் நுனியை லேசாக வளைத்து, மார்பின் வலப்பக்கத்தில் ஒட்டுங்கள். இடப்பக்கம் முழுக்கத் தெளிவாக இருக்க வேண்டும், நாற்றச் சுரப்பியைப் பசை மூடினால் முக்கியமான ஓர் அடையாளம் போய்விடும். நீரில் கரையும் பசைதான் வேண்டும். சூப்பர் குளூ போட்ட மாதிரியைப் பிறகு யாராலும் பிரிக்க முடியாது.

அளவெடுப்பில் வரும் பெரிய பிழை சாய்வு. உணர்கொம்புக் கணு 20 டிகிரி சாய்ந்திருந்தால் அளவு 6 சதவீதம் குறையும்: 0.60 மி.மீ. உள்ளது 0.56 என்று வரும். இந்த 0.04ஐ வைத்து இரண்டு இனம் பிரித்தவர்கள் உண்டு. கணுவின் இரு முனையும் ஒரே குவியத்தில் தெரியும் வரை மாதிரியைத் திருப்புங்கள். கண்வில்லை அளவுகோலை ஒவ்வொரு உருப்பெருக்கத்திலும் தனியாகச் சரிபார்க்க வேண்டும். ஜூமைக் கொஞ்சம் நகர்த்தினாலும் அளவுத்திருத்தம் போச்சு. ஒரு கோடு 0.025 மி.மீ. என்றால் "0.573" என்று எழுதுவதில் பொருளில்லை. எடுக்க வேண்டியவை: உடல் நீளம், தலை நீளம், கண்களோடு தலை அகலம், கண்களுக்கு இடைப்பட்ட தூரம், உணர்கொம்பின் நான்கு கணு, உறிஞ்சுகுழலின் நான்கு கணு, புரோநோட்டத்தின் நீள அகலம், அதன் பின்னுள்ள முக்கோணத் தகடான ஸ்குட்டெல்லத்தின் நீள அகலம், கோரிய நீளம். நீண்ட இறக்கை கிடைத்தால் கிளாவஸ் இணைகோடும், கோரிய நுனியிலிருந்து சவ்வு நுனி வரையும்.

இப்போது ஆண் உறுப்பு. எல்லாம் இதில்தான் நிற்கிறது. உலர்ந்த மாதிரியை வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். வயிற்றின் கடைசியில் கிண்ணம் போல இருக்கும் பைகோஃபோரை, நுனி வளைத்த மினூட்டன் என்னும் மிக மெல்லிய ஊசியால் பின்பக்கமாக மெல்ல இழுத்தால் முழுதாக வந்துவிடும். 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் சூடாக ஐந்து முதல் பத்து நிமிடம், அல்லது அறை வெப்பத்தில் ஓர் இரவு. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அதிகம் விட்டால் கண்ணாடி போலத் தெளிந்து, எது கடினத் தகடு எது சவ்வு என்று பிரித்தறிய முடியாமல் போகும். நீரில் கழுவி, ஒரு துளி நீர்த்த அசிட்டிக் அமிலம், பிறகு கிளிசரின். உள்ளே இரண்டு பக்கமும் கொக்கி போல இருப்பவை பாராமியர். ஒன்றைக் கழற்றிக் கிளிசரினில் உருட்டினால் ஒரு கோணத்தில் அரிவாள், இன்னொன்றில் காலணி, மூன்றாவதில் வெறும் குச்சி. ஒரே கோணத்தில் வரைந்த பழைய படத்தோடு உங்கள் படம் பொருந்தாமல் போனால், இனம் வேறு என்பதற்கு முன் கோணம் வேறா என்று பாருங்கள். குறைந்தது மூன்று கோணங்களில், ஒவ்வொன்றும் எந்தத் திசை என்று எழுதி, படம் கொடுங்கள்.

ஆணின் புணர்ச்சி உறுப்பான ஈடியாகஸை விரித்துப் பார்ப்பது சிரமமான வேலை. சுருட்டிய நிலையில் எல்லாம் ஒன்று போல இருக்கும். லாக்டிக் அமிலத்தில் மிதமாகச் சூடாக்கினால் தளர்ந்து கொடுக்கும், அப்போது நுனியில் உள்ள நீண்ட குழலின் சுருள்களை எண்ணலாம். பெண்ணில் விந்துப்பையின் வடிவமும் குழல் நீளமும் பயன்படும். உறுப்புகளைக் கிளிசரின் உள்ள குட்டிக் குப்பியில் போட்டு, அதே ஊசியில், அதே பூச்சிக்குக் கீழே குத்துங்கள். கண்ணாடித் தகட்டில் நிரந்தரமாக ஒட்டினால் அடுத்தவர் திருப்பிப் பார்க்க முடியாது.

டி.என்.ஏ. பற்றிச் சுருக்கமாக: வலது நடுக்கால் ஒன்று போதும். இனம் காண வழக்கமாகப் பயன்படும் சி.ஓ.ஐ. மரபணுவின் பகுதி 658 கார இணை நீளம், 1994இல் ஃபோல்மர் குழு தந்த தொடக்கிகளே இங்கும் உதவும். வந்த வரிசையைப் புரதமாக மாற்றிப் பாருங்கள், நடுவில் நிறுத்தக் குறி வந்தால் அது மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து செல்லின் உட்கருவுக்குள் புகுந்த போலிப் பிரதியாக இருக்கலாம். தரவுத்தளத்தில் எதோடும் பொருந்தவில்லை என்பதால் ஒன்றும் நிரூபணமாகாது, தென்னிந்திய விதை நாவாய்ப்பூச்சிகளின் வரிசைகள் அங்கே மிகக் குறைவு. மாறாக, குட்டை இறக்கைப் பூச்சியும் நீண்ட இறக்கைப் பூச்சியும் ஒரே இனம் என்று காட்ட இது அருமையான கருவி. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரியிலும் இதே போன்றது கிடைத்தால், பறக்காத பூச்சியில் இரண்டு மலைக்கும் இடையே சில சதவீத வேறுபாடு இருப்பது இயல்பு. அந்த எண்ணை மட்டும் வைத்து இரண்டு இனமாக்காதீர்கள்.

இவ்வளவுக்கும் பிறகு புதியது என்று நின்றால், எழுதலாம். பன்னாட்டு விலங்கியல் பெயரிடல் விதிகளின் நான்காம் பதிப்பு 2000 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. அதன்படி புதிய இனம் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், மற்ற இனங்களிலிருந்து பிரிக்கும் அடையாளங்களைச் சொற்களில் தர வேண்டும், ஹோலோடைப்பை (பெயருக்கு அடிப்படையான ஒற்றை மாதிரியை) குறிப்பிட்டு எந்த நிறுவனத்தில் வைக்கப்படும் என்று சொல்ல வேண்டும். ஒன்று விடுபட்டாலும் பெயர் செல்லாது. இணையத்தில் மட்டும் வரும் இதழானால், 2012இல் வந்த திருத்தத்தின்படி கட்டுரையை விலங்குப் பெயர்களின் இணையப் பதிவேடான ஜூபேங்கில் முன்பே பதிவு செய்து, அந்தப் பதிவுச் சான்றும் வெளியீட்டுத் தேதியும் கட்டுரைக்குள்ளேயே இருக்க வேண்டும். வேறுபாட்டுப் பத்தியில் "தனித்துவமான நிறம்" போன்ற சொற்றொடர் வேண்டாம். எந்த இனத்திலிருந்து, எந்த உறுப்பில், எவ்வளவு என்று சொல்லுங்கள்.

பெயருக்கு ஒரு யோசனை: ஊர்ப்பெயரோடு 'என்சிஸ்' சேர்த்தால் பேரினப் பெயரின் இலக்கணப் பாலைப் பார்த்து அது 'என்சே' ஆக வேண்டியிருக்கும், நாளை பேரினம் மாறினால் மீண்டும் மாறும். 'சோலா' போன்ற ஒரு சொல்லைப் பெயர்ச்சொல்லாக வைத்து, அப்படித்தான் வைத்தேன் என்று ஒரு வரி எழுதிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. அதே பேரினத்தில், முன்பு அதில் இருந்து இப்போது இடம் மாறியவை உட்பட, அந்தப் பெயர் இல்லை என்று பாருங்கள். எழுத்துக்கூட்டலைப் பத்து முறை சரிபாருங்கள், அச்சான பிறகு விருப்பம் போல மாற்ற முடியாது. தரங்கம்பாடியில் பணியாற்றிய கோனிக்கின் பெயரில் 1775இல் ஃபேப்ரீசியஸ் சிவப்பு நாவாய்ப்பூச்சிக்கு வைத்த 'கோனிகீ', கடைசி இரட்டை 'ஐ'யோடு இன்னும் அப்படியேதான் எழுதப்படுகிறது.

இந்தியாவில் எடுத்த புதிய இனத்தை, 2002ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டத்தின் 39ஆம் பிரிவுப்படி, அறிவிக்கப்பட்ட காப்பகத்துக்குத் தெரிவித்து மாதிரியையும் அங்கே ஒப்படைக்க வேண்டும். விலங்குகளுக்குக் கொல்கத்தாவில் உள்ள இந்திய விலங்கியல் ஆய்வகம். பூச்சிகளுக்குப் பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வள மையமும் உண்டு. எதையும் வெளிநாட்டுக்கு அனுப்புமுன் சென்னையில் உள்ள தேசிய பல்லுயிர் ஆணையத்தின் விதிகளைப் படியுங்கள்.

இப்போதைக்கு, உங்களிடம் இருக்கும் ஒரே ஆணை அறுக்க வேண்டாம். எல்லாக் கோணங்களிலும் படமெடுத்து, அளவெடுத்து, அப்படியே வையுங்கள். இரண்டாவது ஆண் கிடைத்ததும் அதை அறுத்துக் கை பழகிய பிறகு முதலாவதைத் தொடலாம். அதுவரை லேபிளில் பேரினப் பெயரும் "இனம் 1" என்பதும் மட்டும் இருக்கட்டும். மனதில் வைத்திருக்கும் பெயரை ஆய்வேட்டிலோ, மாநாட்டுச் சுவரொட்டியிலோ, முகநூல் படத்தின் கீழோ எழுதிவிடாதீர்கள்.